டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் ஃபில்டர்: வீட்டில் மாற்றுவோர் கவனத்துக்கு

இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஃபில்டர் எஞ்சின் பக்கம் இருப்பதில்லை. டேங்குக்குள்ளேயே, பம்ப்போடு சேர்ந்து ஒரே தொகுப்பாக இருக்கிறது. பின் சீட்டைத் தூக்கினால் அதற்கு வழி தெரியும். ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கு மாற்றுகிற வேலை கடினமல்ல. ஆனால் நாம் திறப்பது பெட்ரோல் டேங்கை. அதனால்தான் கீழே உள்ள குறிப்புகளில் பெரும்பகுதி டேங்க் மூடியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை. தயவுசெய்து அவற்றைத் தாண்டிச் செல்லாதீர்கள்.

1. கோளாறு ஃபில்டரில்தானா என்று முதலில் பாருங்கள். மேடு ஏறும்போது வண்டி இழுக்காது, நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும், பின் சீட்டுப் பக்கம் பம்ப் முனகுவது கூடிக்கொண்டே போகும். இவை ஃபில்டர் அடைப்பின் அறிகுறிகள். ஆனால் பிளக் தேய்ந்தாலும், ஏர் ஃபில்டரில் தூசி அடைந்தாலும் வண்டி இழுக்காது. அவை இரண்டும் விலை குறைவு, ஆபத்தும் இல்லை. அவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். பிறகும் சந்தேகம் என்றால், பெட்ரோல் அழுத்தத்தை ஒர்க்‌ஷாப்பில் மானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல கார்களில் அது 3 முதல் 4 பார் வரை இருக்கும்; உங்கள் காருக்கு உரிய அளவு சர்வீஸ் மேனுவலில் உண்டு.

2. சில கார்களில் சீட்டுக்கு அடியில் திறப்பே கிடையாது. டேங்கையே கழற்றி இறக்க வேண்டும். அப்படியானால் வீட்டில் வேண்டாம். சிஎன்ஜி பொருத்திய காருக்கும் வேண்டாம். டீசல் கார்களின் ஃபில்டர் பெரும்பாலும் டேங்குக்கு வெளியேதான் இருக்கிறது, அந்த வேலையே வேறு.

3. ஃபில்டர் வாங்கும்போது சேஸிஸ் நம்பரைச் சொல்லி வாங்குங்கள். ஒரே பெயருள்ள காரில்கூட வருடத்துக்கு வருடம் ஃபில்டர் மாறும். சிலவற்றில் ஃபில்டர் தனியாகக் கிடைக்காது. முழுத் தொகுப்பாகத்தான் வாங்க வேண்டும். கூடவே டேங்க் மூடிக்கான ரப்பர் வளையத்தையும், உள்ளே வரும் ஓ ரிங்குகளையும் புதிதாக வாங்கிவிடுங்கள். பெட்ரோலில் ஊறிய பழைய வளையம் உப்பிப் போயிருக்கும், திரும்பப் பள்ளத்தில் உட்காராது. உட்கார்ந்ததுபோல் தெரிந்தாலும் கசியும்.

4. டேங்குக்குள் போகும் ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் சாதாரண பெட்ரோல் ஹோஸின் உட்புறம்தான் பெட்ரோலைத் தாங்கும். டேங்குக்குள் அதன் வெளிப்புறமும் பெட்ரோலிலேயே கிடக்கும். நாளடைவில் ஊறிப் பிய்ந்துவிடும். முழுவதும் மூழ்கியிருக்கத் தயாரித்த ஹோஸ் தனியாக உண்டு, அதையே கேளுங்கள். இப்போது நம் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. அதையும் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

5. டேங்கில் கால்வாசிக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கும்போது வேலையை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஓட்டியே குறைப்பது நல்லது. வாயால் உறிஞ்சி எடுக்கவே கூடாது. நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. எடுத்து வைத்தே ஆகவேண்டும் என்றால் இறுக மூடும் உலோக கேனில் வையுங்கள். உரிமம் இல்லாமல் ஒருவர் 30 லிட்டர் வரைதான் பெட்ரோல் வைத்திருக்கலாம் என்கிறது 1934-ம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம்.

6. இடம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடக்கூடியது பெட்ரோல். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே அடுக்குமாடியின் அடித்தள பார்க்கிங், ஷட்டர் போட்ட கேரேஜ், போர்ட்டிகோவில் மோட்டார் சுவிட்ச் இருக்கும் மூலை எதுவும் ஆகாது. காற்று வீசும் திறந்த வெளியில், வெயில் ஏறுவதற்கு முன் காலை வேளையில் செய்யுங்கள். அருகில் பூஜை விளக்கு, ஊதுபத்தி, கேஸ் கீசர், ஓடும் மோட்டார் இருக்கக் கூடாது. செல்போனை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஏபிசி பவுடர் தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். தனியாகச் செய்யாமல், கூட ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள்.

7. நைலான், பாலியஸ்டர் உடை வேண்டாம், பருத்தி உடுத்துங்கள். நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். டேங்க் மூடியைத் தொடும் முன் காரின் வெற்று உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டால், உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

8. குழாயில் நிற்கும் அழுத்தத்தை இறக்குங்கள். பம்ப்பின் ஃபியூஸ் அல்லது ரிலேயைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், சற்று ஓடித் தானே நின்றுவிடும். மறுபடி சில விநாடி செல்ஃப் அடியுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள்.

9. சீட்டுக்கு அடியில் இருக்கும் தகட்டை எடுத்தால் வருடக்கணக்கான மண் படிந்திருக்கும். டேங்கைத் திறக்கும் முன் அதைச் சுத்தமாகத் துடையுங்கள். இந்தக் கட்டத்தில் வாக்குவம் கிளீனர் சரி. டேங்க் திறந்தபின் அதைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

10. கப்ளரையும் பைப்புகளையும் எடுக்குமுன் எது எங்கே இருந்தது என்று அடையாளம் போடுங்கள். பைப் முனையில் துணி சுற்றிக் கழற்றுங்கள், மிச்சப் பெட்ரோல் சொட்டும். கிளிப்புகள் வெப்பத்தில் காய்ந்த பிளாஸ்டிக், நெம்பினால் ஒடியும்.

11. டேங்க் மூடியைப் பிடித்திருக்கும் லாக் ரிங் இறுகியிருந்தால் இரும்பு உளியால் தட்டக் கூடாது, பொறி பறக்கும். மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டித் திருப்புங்கள்.

12. தொகுப்பைச் சாய்த்து வெளியே எடுங்கள். மிதவைக் கம்பி வளைந்தால் பெட்ரோல் முள் அதன்பின் பொய்தான் காட்டும். தொகுப்புக்குள் பெட்ரோல் நிற்கும். அது டேங்கிலேயே வடியட்டும். பிறகு தட்டில் ஏந்தி வெளியே கொண்டுபோங்கள். திறந்த துவாரத்தை நூல் உதிராத துணியால் மூடுங்கள்.

13. ஃபில்டரை மாற்றும்போது அடியில் உள்ள சல்லடைப் பையையும் பாருங்கள். கறுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ஓ ரிங்குகளில் ஒரு துளி பெட்ரோல் தடவினால் முறுக்கிக்கொள்ளாமல் உட்காரும். டேங்க் அடியில் துரு, மண், தண்ணீர் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். டேங்கைக் கழுவாமல் புதிய ஃபில்டர் போட்டால் அது வீண்.

14. திரும்ப வைக்கும்போது மூடியிலும் டேங்கிலும் உள்ள அம்புக்குறிகள் நேருக்கு நேர் வரட்டும். ஆவி கலையும் வரை காரின் கதவுகளைத் திறந்தே வைத்துவிட்டு, வாடை போனபின், பிடுங்கிய ஃபியூஸை அல்லது ரிலேயைத் திரும்பச் செருகி, பேட்டரியை மாட்டுங்கள். சாவியை ஆனில் இரண்டு மூன்று விநாடி வைத்து அணையுங்கள். இப்படிச் சில முறை செய்தால் பம்ப் குழாயை நிரப்பும். சீட்டைப் போடாமல் ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். ஈரம் இல்லை என்றால் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் ஓடும்போதும் பாருங்கள். பேட்டரி கழற்றியதால் ஐட்லிங் கொஞ்ச நேரம் ஏறி இறங்கலாம். அது தானே சரியாகும்.

15. பெட்ரோல் துணிகளை வெளியே விரித்து உலரவிடுங்கள். வாஷிங் மெஷினில் போடாதீர்கள். பழைய ஃபில்டரைக் குப்பையில் போடாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

16. மறுநாள் காலை கதவைத் திறந்ததும் மூக்கால் பாருங்கள். லேசாகப் பெட்ரோல் வாடை வந்தாலும் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி ஒயரையும் தொடாமல், கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.