கொடையும் கண்ணியமும்

தர்மம் செய்தவர் அதைச் சொல்லிக்காட்டினாலும், பெற்றவரின் மனத்தை நோகச் செய்தாலும் அந்தத் தர்மம் பாழாகிவிடும். இது அல்-பகரா அத்தியாயத்தின் 264-ஆம் வசனம் தரும் படிப்பினை. வாசலில் வந்து நிற்கும் ஏழைக்குக் கொடுக்கும் காசுக்கு மட்டுமே உரியதாக இதை நாம் எண்ணிவிடுகிறோம். கோடி கோடியாகத் தரப்படும் கொடைகளுக்கும் இதுவே அளவுகோல். குடும்பக் கட்டுப்பாட்டுக்கென வளரும் நாடுகளுக்குச் சென்ற கொடைகளின் வரலாறே இதற்குச் சான்று.

1952-இல் அமெரிக்கச் செல்வந்தர் மூன்றாம் ஜான் டி. ராக்ஃபெல்லர் பாப்புலேஷன் கவுன்சில் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஃபோர்டு அறக்கட்டளையும் இத்துறையில் பெரும் பணம் செலவிட்டது. ஜனத்தொகைப் பெருக்கத்தைக் குறைப்பதே அன்றைய முதல் நோக்கம். அந்தக் கவுன்சிலின் ஆதரவோடு பரவிய 'லூப்' என்னும் கருப்பைச் சாதனத்தை 1965-இல் இந்திய அரசு பெரிய அளவில் மேற்கொண்டது. எத்தனை பேருக்குப் பொருத்தினோம் என்ற கணக்கு முந்திக்கொண்டது. பொருத்திய பின் அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்ற விசாரிப்பு பின்தங்கியது. இரத்தப்போக்கும் வலியும் கண்ட பலருக்கு முறையான கவனிப்பு கிடைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே பெண்கள் லூப் என்றால் அஞ்சி ஒதுங்கினர்.

1974-இல் புகாரெஸ்ட் நகரில் கூடிய உலக ஜனத்தொகை மாநாட்டில் ராக்ஃபெல்லரே தம் பழைய பாதையை மறுபரிசீலனை செய்தார். பொதுவான முன்னேற்றமும் பெண்களின் நிலை உயர்வும் இல்லாமல் குடும்பக் கட்டுப்பாடு மட்டும் பயன் தராது என்பது அவர் வந்தடைந்த கருத்து.

இதன் உண்மையை வங்காள தேசத்து மத்லப் வட்டாரத்தில் காணலாம். முஸ்லிம்கள் மிகுந்து வாழும் ஏழைக் கிராமங்கள் அவை. வெளிநாட்டு உதவியோடு 1975-இல் அங்கு வீடு வீடாக மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. முதலில் பலர் வாங்கினர், பிறகு விட்டுவிட்டனர். 1977-இல் முறை மாறியது. அந்தக் கிராமங்களின் படித்த, மணமான பெண்களே பயிற்சி பெற்று, இரு வாரங்களுக்கு ஒருமுறை வீடு தேடிச் சென்றனர். பல வழிகளை விளக்கி, விரும்பியதைத் தேர்ந்துகொள்ளச் செய்தனர். உபாதை கண்டால் உடனிருந்து கவனித்தனர். ஒன்றரை ஆண்டுக்குள் பயன்படுத்துவோர் சுமார் 7 சதவீதத்திலிருந்து 30 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தனர். மாத்திரை மட்டும் செய்யாததை மரியாதை சேர்ந்து செய்தது.

2012-இல் லண்டனில் கேட்ஸ் அறக்கட்டளையும் பிரிட்டிஷ் அரசும் கூட்டிய மாநாடு, 2020-க்குள் மேலும் 12 கோடிப் பெண்களுக்கு இவ்வசதி என இலக்கு வைத்தது. ஏறக்குறைய பாதியே எட்டப்பட்டது. பெண் உரிமைக்காக உழைப்போர் அப்போதே எச்சரித்தனர்: எண்ணிக்கை மீண்டும் எஜமானாகிவிடக் கூடாது!

நம் மார்க்கச் சட்டம் இதை முன்பே அறியும். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஸஹாபாக்கள் 'அஸ்ல்' செய்துவந்ததை ஜாபிர் (ரலி) அறிவித்துள்ளார்கள். அதை அனுமதித்த சட்ட மேதைகளில் பலர் மனைவியின் சம்மதத்தை நிபந்தனையாக்கினர். பிரசவ ஆபத்திலிருந்து மனைவியைக் காப்பதும் ஏற்கத்தக்க நோக்கமே என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் முடிவு. ஆயினும் அவசியமின்றி நிரந்தரமாகக் கருத்தடை செய்துகொள்வதைப் பெரும்பாலான உலமாக்கள் ஏற்பதில்லை.

ஆகவே, கொடையாளர் யாராயினும், நம் வீட்டுக்கு வரும் உதவியிடம் மூன்று கேள்விகள் கேட்போம். அவளுக்கு விளக்கிச் சொன்னார்களா? அவள் மனமார இசைந்தாளா? நாளை உபாதை வந்தால் கவனிப்பவர் யார்? இக்கேள்விகளைக் கணவன்மாரும் தம்மிடமே கேட்டுக்கொள்வது நலம். மனைவியும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமல்லவா?