அடுக்கி வைப்பதும் ஒரு தொழில்



பிறர் வீட்டுச் சாமான்களை ஒழுங்காக அடுக்கிக் கொடுத்து, அதற்குச் சம்பளம் வாங்கும் தொழில் ஒன்று இருக்கிறது. நம்ம ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஜப்பானில் மேரி கோண்டோ என்ற பெண் தன் 19 வயதில், கல்லூரியில் படிக்கும்போதே டோக்கியோவில் இதைத் தொடங்கினார். பிறகு அவர் எழுதிய புத்தகம் பல மொழிகளில் லட்சக்கணக்கில் விற்றது. இந்தியாவிலும் பெரிய நகரங்களில் பெண்கள் இதைச் செய்கிறார்கள். முதலீடு அதிகம் வேண்டாம். வீடுதான் ஆபீஸ். ஒரு போனும் ஒரு நோட்டும் போதும்.

அறை அறையாக அடுக்கக் கூடாது, இனம் இனமாக அடுக்கணும் என்கிறார் அவர். முதலில் துணி, அப்புறம் புத்தகம், காகிதம், மற்ற சாமான், கடைசியாக நினைவுப் பொருட்கள். வீட்டிலுள்ள துணி முழுவதையும் ஒரே இடத்தில் குவித்தால்தான் எவ்வளவு இருக்கு என்று தெரியுமாம். பிறகு ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "இது மனசுக்குச் சந்தோஷம் தருதா?" என்று கேட்கணும். தராததை வீட்டை விட்டு அனுப்பிடணும். இது மட்டும் நமக்குச் சரிவராது. பழைய சாக்கு யாருக்குச் சந்தோஷம் தரும்? ஆனா பூண்டு எடுக்கும்போது அதுதானே வேணும்! "அடுத்த பூண்டுக்கு இது தேவைப்படுமா?" என்று நாம் கேட்டுக்கலாம்.

யோசித்துப் பார்த்தால் கிளாவரை அம்மாக்களுக்கு இந்த வேலை புதுசே இல்லை. பூண்டு எடுத்ததும் பெரிசு, நடுத்தரம், பொடி என்று பிரிக்கணும். விதைப் பூண்டு தனி. தாளோடு கட்டு கட்டாகக் கட்டித் தொங்கவிட்டு, புகை காட்டணும். ஒழுங்காக வைத்தால் ஏறக்குறைய ஒரு வருஷம் கெடாது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டு வடுகபட்டி சந்தைக்குப் போகிறது. தோட்ட வேலைக்குக் கூலி உண்டு. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பிரிக்கிறதுக்கு மட்டும் யாரும் கணக்கு எழுதுவதில்லை. அம்மாவிடம் கேட்டேன். "அதுக்கெல்லாம் யாருடி கூலி குடுப்பா?" என்றாங்க.

கொடைக்கானலில் காட்டேஜ் வைத்திருப்பவர்கள் கொடுக்கலாம். சமையலறை, போர்வை அலமாரி என்று அவர்களுக்கு அடுக்க நிறைய இருக்கும். ஆனால் மணிக்கணக்கில் பேசக் கூடாது. பஸ்ஸில் போய் வரவே பாதி நாள் ஓடிடும். நாள் கணக்கில், பஸ் காசும் சேர்த்துப் பேசணும். இன்னொன்று, வீட்டுக்காரரைக் கேட்காமல் ஒரு பழைய காகிதத்தைக்கூட எறியக் கூடாது. பட்டாவும் அதில்தான் இருக்கும்.

பழகுவதற்கு முதல் ஒன்றிரண்டு இடத்தைச் சும்மா செய்து கொடுக்கலாம். நான் நம்ம பள்ளி விளையாட்டுச் சாமான் அலமாரியில் தொடங்கத் தயார். சார், சனிக்கிழமை சாவி மட்டும் குடுங்க.