தண்டுவடக் கால்வாய்ச் சுருக்கம்: காரணமும் மருத்துவமும்

சாகு ஜைனக் குடும்பத்தாரின் நிர்வாகத்தில் இருந்த தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் 1950களின் இறுதியில் அமைத்த காஸ்டிக் சோடா ஆலையால் அறியப்பட்ட ஊர் சாகுபுரம். அதனைச் சூழ்ந்த உப்பளப் பகுதியில் மிதிவண்டியிலேயே வாழ்நாளைக் கழித்த முதியவர் பலர். அவர்களுள் சிலரிடம் ஒரு விந்தையைக் காண நேரும். ஆறுமுகனேரி வரை மிதிவண்டியில் எளிதாகச் சென்று வருவார். ஆனால் நூறு அடி நடந்தால் தொடையும் கெண்டைக்காலும் கனத்து, மரத்து, நின்றுவிடுவார். திண்ணையில் அமர்ந்து சற்றே முன்குனிந்தால் சில நிமிடங்களில் வலி அகலும். இதனை வாயு என்று கருதித் தைலம் தேய்த்துக் காலம் போக்குவது நம் இல்லங்களில் வழக்கம். பெரும்பாலும் இது மருத்துவர் ஸ்பைனல் ஸ்டெனோசிஸ் என்னும் தண்டுவடக் கால்வாய்ச் சுருக்கமாகும்.

முள்ளெலும்புகளின் நடுவே ஓடும் கால்வாயில் தண்டுவடம் காக்கப்படுகிறது. இடுப்பின் மேற்பகுதியிலேயே தண்டுவடம் முடிந்து, அதற்குக் கீழே குதிரைவால் போன்ற நரம்புக் கற்றை தொடர்கிறது. இடுப்புப் பகுதியில் இக்கால்வாயின் முன்பின் அகலம் 12 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சுருக்கம் என்றும், 10க்குக் குறைந்தால் கடுஞ்சுருக்கம் என்றும் கொள்வர். இந்நோயை 1954இல் தெளிவாக விளக்கியவர் ஹாலந்து நாட்டு அறுவை மருத்துவர் வெர்பீஸ்ட்.

முதன்மைக் காரணம் முதுமையே. எலும்புகளுக்கிடையே உள்ள வட்டுகள் நீர்ச்சத்தை இழந்து பிதுங்குகின்றன, பின்புற மூட்டுகள் பருக்கின்றன, தசைநார் தடிக்கிறது. நிமிர்ந்து நிற்கையில் அத்தசைநார் மடிந்து கால்வாயை நெருக்கும். குனிகையில் விரிந்து வழிவிடும். மிதிவண்டியின் புதிர் இதனால் விளங்கும். பிறவியிலேயே குறுகிய கால்வாய் உடையோரும், முள்ளெலும்பு முன்னோக்கி நழுவியோரும் முன்னதாகவே துன்புறுவர்.

நம் மாவட்டத்தார் கருத வேண்டிய காரணம் மற்றொன்றுண்டு. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்தால் எலும்பும் தசைநாரும் இறுகித் தடித்து, கழுத்திலும் முதுகிலும் தண்டுவடத்தை அழுத்தும். 1937இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் இக்கேடு ஆராய்ந்து வெளியிடப்பட்டது. ஓட்டப்பிடாரம் வட்டாரக் கிணறுகள் சிலவற்றிலும் புளோரைடு மிகுதி கண்டறியப்பட்டுள்ளது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது. நாம் நீரைத் துணியில் வடித்துக் காய்ச்சிப் பருகும் ஒழுக்கம் உடையோம். அது நுண்ணுயிர் குறித்த நெறி, புளோரைடை அகற்றாது. காய்ச்சும்போது நீர் ஆவியாகிச் செறிவு சற்றே கூடவும் செய்யும். ஆகவே ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்துக்கொள்வது நன்று.

நோயறிய எம்.ஆர்.ஐ. படம் உதவும். எனினும் முதியோர் பலருக்குப் படத்தில் சுருக்கம் தெரிந்தும் துன்பம் இராது. படத்திற்கு அன்று, ஆளுக்கே மருத்துவம். காலின் இரத்தக்குழாய் அடைப்பிலும் நடக்கையில் வலிக்கும். அங்கே குனிய வேண்டியதில்லை, நின்றாலே வலி தீரும், மிதிவண்டி மிதித்தாலும் வலிக்கும். ஆதலின் பாதத்து நாடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மருத்துவம் உடற்பயிற்சியில் தொடங்குகிறது. வயிற்றுத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், முன்குனியும் பயிற்சியும் பிசியோதெரபி வல்லுநரிடம் கற்க வேண்டும். வலிமாத்திரைகள் பலவும் உணவுக்குப்பின் உண்பவை. வெறும் வயிற்றில் இரைப்பையைப் புண்ணாக்கும், நெடுநாள் உண்டால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரவுணவு தவிர்க்கும் நம்மவர் அதனை மருத்துவரிடம் முன்னரே கூறி, வேளையை மாற்றிப் பெறலாம். ஜெலட்டின் உறை வேண்டாதோர் மாத்திரையாகவே கிடைக்குமா எனக் கேட்கலாம். முதுகில் இடும் ஸ்டீராய்டு ஊசி பெரும்பாலும் சிறிது காலமே பயன் தரும்.

இவற்றால் தீராது நடை குன்றினால், அழுத்தும் எலும்பையும் தசைநாரையும் அகற்றும் அறுவை உண்டு. கால்வலி நன்கு குறையும். இடுப்புவலி அவ்வளவாகக் குறையாது. எல்லோருக்கும் திருகாணி பொருத்தி எலும்புகளை இணைக்க வேண்டியதில்லை. ஸ்வீடன் நாட்டில் 2016இல் வெளியான ஆய்வு, இணைப்பால் கூடுதல் பயன் இல்லை என்றே காட்டியது. செலவு மிகுந்த இணைப்பைப் பரிந்துரைத்தால் காரணம் கேட்க நமக்கு உரிமையுண்டு.

சிறுநீர் கழியாது தங்குதல், கட்டுப்பாடின்றி மலசலம் கழிதல், தொடையிடுக்கில் உணர்வின்மை, கால் திடீரெனத் துவளுதல் ஆகியவை காணின் ஒருநாளும் காத்திராது, தூத்துக்குடி அல்லது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே செல்க.