ஸ்கோர் அனுப்பும் முன்

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் பட்டப்படிப்பு முடித்து, கீபோர்டும் ஸ்டாஃப் நொட்டேஷனும் தெரிந்து வைத்திருப்பவர்களுக்கு வீட்டிலிருந்தே செய்ய ஒரு வேலை இருக்கிறது. பாட்டைக் கேட்டு ஸ்கோர் எழுதுவது, அதிலிருந்து வயலின், செல்லோ, புல்லாங்குழலுக்குத் தனித்தனி பார்ட் பிரிப்பது. சென்னை ஸ்டூடியோவோ வெளிநாட்டுத் தமிழ் இசைக்குழுவோ, மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம். ஆனால் வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், உதவாத ஃபைலை அனுப்பினால் அடுத்த ஆர்டர் சந்தேகம்தான்.

நீங்கள் இலவச மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் எழுதுவீர்கள்; வாங்குபவரிடம் சிபேலியஸோ டோரிகோவோ இருக்கும். ஒன்றின் ஃபைலை இன்னொன்று திறக்காது. பிடிஎஃப் அனுப்பினால் அச்சிட்டு வாசிக்கலாம், அவ்வளவுதான். சேலையின் போட்டோவை வைத்துத் தறியில் நெய்ய முடியுமா? டிசைனர் போட்ட கிராஃப் வேண்டுமல்லவா? பாடகிக்காக அரைக்கட்டை இறக்க வேண்டுமென்றால் பிடிஎஃப் கைகொடுக்காது.

உடனே மிடி அனுப்பலாமே என்று தோன்றும். அனுப்பாதீர்கள். 1983இல் வந்த மிடி, எந்தக் கீ, எப்போது, எவ்வளவு அழுத்தம் என்பதைத்தான் சொல்லும். சி ஷார்ப்பும் டி ஃப்ளாட்டும் அதற்கு ஒரே எண், 61. சி-யை ஸட்ஜமாக வைத்து மாயாமாளவகௌளை எழுதினால் சுத்த ரிஷபம் டி ஃப்ளாட்டாக நிற்க வேண்டும். மிடி வழியாகப் போனால் அது சி ஷார்ப்பாக விழக்கூடும். ஸாவும் ரியும் தாளில் ஒரே இடத்தில் உட்காரும். ரிஷபத்தின் இடம் காலியாகக் கிடக்கும். பார்த்தவுடன் வாசிக்க வேண்டிய வயலின்காரர் திணறிப்போவார்.

அனுப்ப வேண்டியது மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற ஃபைல் வடிவம். மைக்கேல் குட் வடிவமைத்த இதன் முதல் பதிப்பு 2004இல் வந்தது, 4.0 பதிப்பு 2021இல். சுரத்தின் பெயர், ஏற்றஇறக்கம், ஸ்தாயி மூன்றையும் இது தனித்தனியாகக் குறித்துக்கொள்கிறது. பாடல் வரியும் அசை அசையாகச் சுரத்தின் கீழேயே போகும். தமிழை யூனிகோடில் அடியுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தால் மறுமுனையில் கிறுக்கலாகத்தான் தெரியும்.

கமகம்தான் சிக்கல். அதைத் தாளில் எழுதுவது பழைய பிரச்சினை. 1893இல் சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் கீர்த்தனைகளை ஐரோப்பிய நொட்டேஷனில் அச்சிட்டார். 1904இல் சுப்பராம தீட்சிதர் தம் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கமகங்களுக்கென்றே தனிக் குறிகள் போட்டார். ஆனால் கம்பிதம் என்ற கமகத்துக்கு மியூசிக்எக்ஸ்எம்எல்லில் இன்றும் தனிக் குறி இல்லை. சுரத்தின் மேலே எழுத்தில் குறித்து, பாடிய ஆடியோவையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஃபைலை ஏற்றுமதி செய்ததும் வேறொரு மென்பொருளில் திறந்து பார்ப்பது கட்டாயம். பக்க அமைப்பு குலையலாம், பொருட்படுத்த வேண்டாம். சுரம், தாளக் கணக்கு, வரி மூன்றும் சரியாக இருக்க வேண்டும். சரிபார்த்த பிடிஎஃப் ஒன்றையும் கூடவே வைத்தால் ஒப்பிட வசதி.

இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. 1988 முதல் புழங்கிய ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சியை 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். அதில் எழுதிய ஸ்கோர்களை வைத்திருக்கும் இசைக்குழுவோ தேவாலயப் பாடகர் குழுவோ உங்களுக்குத் தெரிந்திருந்தால் இப்போதே பேசுங்கள். ஃபினாலே ஓடும் கணினி அவர்களிடம் இருக்கும்போதே எல்லாவற்றையும் மியூசிக்எக்ஸ்எம்எல்லுக்கு மாற்றிக் கொடுங்கள். அதற்குக் கூலியும் கேளுங்கள்.