அலுவலகப் பயன்பாட்டிற்கு மட்டும்

மாணவர்களே, வங்கியிலோ அஞ்சலகத்திலோ விண்ணப்பத் தாள் ஒன்றை நீங்கள் வாங்கிப் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் கோடிட்டுப் பிரித்த சிறிய இடம் ஒன்று உண்டு. 'அலுவலகப் பயன்பாட்டிற்கு மட்டும்' என்று அதன் மேல் அச்சிட்டிருக்கும். விண்ணப்பம் வந்த நாள், வரிசை எண், சரிபார்த்தவர் கையொப்பம் முதலியன அங்கு இடம்பெறும். நாம் அதில் எழுதலாகாது. எனினும் அப்படி ஓர் இடம் இருப்பதை நாம் அறிவோம்.

இணையவழி விண்ணப்பத்தில் அவ்விடம் நம் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. அலுவலர் தம் கடவுச்சொல்லைக் கொண்டு உட்புகுந்து நோக்கும்போதே 'தகுதி மதிப்பெண்', 'குறிப்பு' என்னும் கட்டங்கள் அவருக்குத் தோன்றும். இஃது ஏற்ற முறையே. விண்ணப்பம் ஒரு கட்டிலும், அதனைப் பற்றிய குறிப்பு வேறோர் ஏட்டிலுமாகக் கிடந்து, ஒன்று தொலைய மற்றொன்று பயனற்றுப் போவதை யான் தாள் காலத்தில் பலமுறை கண்டதுண்டு.

ஆனால் மறைத்தல் வேறு, காத்தல் வேறு. இணையப் பக்கங்களை ஆக்கப் பயன்படும் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் திரையில் தோன்றாக் கட்டம் ஒன்று உண்டு. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பிலேயே அதற்கு இடம் தந்துள்ளனர். அக்கட்டம் திரையில் தோன்றாதே ஒழிய, பக்கத்தின் பிற பகுதிகளோடு சேர்ந்து விண்ணப்பிப்பவர் கணினிக்கே வந்துவிடும். பக்கத்தின் மூலத்தைக் காட்டுமாறு உலாவியைப் பணித்தால், உள்ளது யாவும் வெளிப்படும். பார்ப்பதோடு அமையாமல், மாற்றியும் அனுப்பலாம். இணையக் கடைகள் தோன்றிய தொடக்க ஆண்டுகளில் பொருளின் விலையையே இத்தகைய கட்டத்தில் வைத்தோர் இருந்தனர். விலையைத் தாமே குறைத்து அனுப்பும் வாய்ப்பை அவர்கள் வாங்குவோர்க்கு அளித்துவிட்டனர்!

ஆதலின், அலுவலர்க்குரிய கட்டத்தைப் பொதுமக்களுக்குச் செல்லும் பக்கத்தில் வைத்தலே ஆகாது. அதனை நிறுவனத்தின் வழங்கிக் கணினியிலேயே நிறுத்தி, கேட்பவர் இன்னார் என்று தெளிந்த பின்னரே காட்டுதல் வேண்டும். அக்கட்டத்திற்கென வெளியார் எதனை அனுப்பினும் ஏற்காது தள்ளவும் வேண்டும்.

இங்ஙனம் காத்த குறிப்பும் என்றும் மறைந்தே இருக்கும் என்று எண்ணலாகாது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசு அலுவலகக் கோப்புகளைக் குடிமக்களுக்குப் பெரிதும் திறந்துவிட்டது. தேர்வு எழுதியவர் திருத்திய தம் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. திருத்தியவர் பெயரை வெளியிட வேண்டுவதில்லை என்றும் அத்தீர்ப்பு கூறியது. திருத்துவோர்க்கு அச்சமின்றிப் பணி செய்யும் உரிமை உண்டன்றோ?

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகைக்கு வந்த விண்ணப்பக் கட்டுரைகளை மதிப்பிட என்னை அழைத்திருந்தனர். மாணவி ஒருத்தியின் கட்டுரையில் பிழைகள் மலிந்திருந்தன. குறிப்புக் கட்டத்தில், 'அக்கறையின்றி எழுதியது' என்று பதிந்து, அடுத்ததற்குச் சென்றேன். வருமானச் சான்றிதழைச் சேர்க்குமாறு அலுவலகத்தார் அவளது விண்ணப்பத்தை அவளுக்கே மீண்டும் திறந்துவிட்டனர். அப்படிவத்தை ஆக்கியவர் என் குறிப்பை மறைத்திருந்தாரே அன்றிக் காத்திருக்கவில்லை. கணினி பயிலும் அவள் தமையன் பக்கத்தின் மூலத்தைத் திறந்தபோது, என் சொற்கள் அங்கே கிடந்தன.

அவள் அறக்கட்டளைக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் அனுப்பினர். அதில் சினம் இல்லை. தம்பி தங்கையர் உறங்கிய பின்னர்த் தந்தையின் கைப்பேசியில் தட்டச்சுச் செய்ததாகவும், தமிழ் விசைகள் தனக்குப் பழக்கமில்லை என்றும், கட்டுரையை மும்முறை எழுதிப் பார்த்ததாகவும் தெரிவித்து, 'ஐயா, பிழை என்னுடையது. அக்கறை இல்லாமல் இல்லை' என்று முடித்திருந்தாள்.

படிவத்தின் குறையை அலுவலகத்தார் ஒரு கிழமைக்குள் சரிசெய்துவிட்டனர். யான் அக்கட்டுரையை மீண்டும் எடுத்துப் படித்தேன். என் கண் கண்டது எழுத்துப்பிழை. என் கை எழுதியதோ அவள் உள்ளத்தைப் பற்றி. பழைய குறிப்பை நீக்கி, 'எழுத்துப்பிழைகள் 14. கருத்து தெளிவாக உள்ளது' என்று எழுதினேன். பிழைகளை அப்பொழுதுதான் எண்ணினேன்.