தார்ப்பாய் மீன் தொட்டிக்கு ஏற்ற அடிவிரிப்பு

தரைக்கு மேல் இரும்பு வலைக் கூண்டு நிறுத்தி, உள்ளே தார்ப்பாய் விரித்து மீன் வளர்க்கும் முறை இப்போது பரவி வருகிறது. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பயோபிளாக் மீன் வளர்ப்புக்கும் மானியம் சேர்க்கப்பட்டது. தொட்டி வாங்குவோர் தார்ப்பாயின் கனத்தை விசாரிக்கின்றனர். அதன் அடியில் என்ன விரிப்பது என்பதைப் பலரும் கேட்பதில்லை.

4 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் 1 மீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்தினால் சுமார் 12,500 லிட்டர் பிடிக்கும். அதன் எடை பன்னிரண்டரை டன். ஒவ்வொரு சதுர மீட்டர் தரையிலும் 1 டன் அழுத்துகிறது. நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு சரளைக் கல்லின் மேல் தார்ப்பாய் இப்படி அழுந்தினால் நாளடைவில் துளை விழும். குஞ்சு விட்ட பின் துளை விழுந்தால் பெருந்தொல்லை. நெருக்கமாக விடப்பட்ட மீன்களை மாற்ற வேறு நீர் இராது. இரவோடிரவாக நீர் வடிந்தால் விடியும்போது மீன் மிதக்கும்.

எந்த விரிப்பும் மோசமான தரையைச் சரிசெய்துவிடாது. கல், வேர், ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கி, நடு வடிகுழாயை நோக்கிச் சற்றுச் சரிவு வைத்து, ஈரப்பதத்தில் திமிசு போட வேண்டும். கோரை உள்ள நிலமாயின் கூடுதல் கவனம் தேவை. கோரைக் கிழங்கின் கூரிய முளை பிளாஸ்டிக் தாளைத் துளைக்கக் கூடியது. மணலோ ஸ்பாஞ்சோ அதைத் தடுக்காது. முன்கூட்டியே நீர் தெளித்து முளைக்கவிட்டு, கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். இரண்டு முறை செய்தால் நல்லது.

வைக்கோல், உமி, சணல் சாக்கு ஆகியவை செலவில்லாதவை என்று சிலர் பரப்புகின்றனர். இவை மக்கிப் பள்ளம் விழும். கரையானும் எலியும் குடியேறும். எலி வந்தால் தார்ப்பாயையும் கடிக்கும். தெர்மாகோல் அட்டையும் உகந்ததன்று. எறும்பு துளைத்துக் கூடு கட்டும், காலடி பட்ட இடம் நொறுங்கும்.

சலித்த ஆற்று மணல் அல்லது கல்லில்லாத செம்மண் 5 செ.மீ. கனத்துக்குப் போடுவது பழகிய முறை. எம்-சாண்ட் உடைத்த கல்லாதலால் முனைகள் கூர்மையானவை. அதைத் தனியாகப் பயன்படுத்தக் கூடாது. மணலில் ஒரு குறை உண்டு. சிறு கசிவு ஏற்பட்டாலும் நீர் அதை அரித்துச் சென்று அடியில் குழி பறிக்கும். ஆகவே மணலின் மேல் ஒரு துணி விரிப்பு இருப்பது பாதுகாப்பு. சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் எடையுள்ள, நெய்யாத ஜியோ டெக்ஸ்டைல் துணி இதற்கு மிகப் பொருத்தம். அது மக்காது, கசியும் ஈரத்தையும் தேங்கவிடாது. சிமெண்ட் தளம் போட்டவர்களும் இத்துணியை விரிக்க வேண்டும்; சொரசொரப்பான தளம் தார்ப்பாயைத் தேய்த்துவிடும்.

கையில் பணம் குறைவானால் கழுவிக் காயவைத்த பழைய உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்து இரண்டு அடுக்காக விரிக்கலாம். பழைய பிளெக்ஸ் பேனரும் உதவும். ஆனால் ஓரத்திலுள்ள உலோக வளையங்களை வெட்டி எறியாமல் விரித்தால், பாதுகாப்புக்கென்று போட்டதே ஓட்டைக்குக் காரணமாகும்!

பக்கச் சுவரைப் பலர் மறந்துவிடுகின்றனர். நீர் நிரம்பியதும் தார்ப்பாய் வலைக்கண்களுக்குள் பிதுங்கும். வெட்டுப்பட்ட கம்பி முனைகளை வெளிப்புறமாக மடக்கி, வலைக்கும் தார்ப்பாய்க்கும் இடையே 3 அல்லது 5 மி.மீ. நுரைத்தாள் சுற்ற வேண்டும். சுவரும் தரையும் கூடும் மூலையில் 10 செ.மீ. உயரத்துக்கு ஈரமண்ணைச் சாய்வாக அணைத்து, அதன் மேலும் துணி வரும்படி செய்தால் தார்ப்பாய் அங்கே இழுபடாது.

எல்லாம் விரித்த பின் வெறுங்காலால் அங்குலம் அங்குலமாக மிதித்துப் பார்க்க வேண்டும். உறுத்தும் இடத்தைப் பிரித்துச் சரிசெய்த பிறகே தார்ப்பாய் போட வேண்டும். முதலில் அரையடி நீர் மட்டும் விட்டுச் சுருக்கங்களை நீவி, ஒரு நாள் வைத்திருந்து மட்டம் குறையவில்லை என்று கண்ட பின் மீதி நீரை நிரப்பலாம்.