மூன்று புள்ளியில் நடுப்புள்ளி

ஒரு பஸ்ஸுக்கு ஒரு போர்டுதான் இருக்கும். இதை எழுதுகிறவருக்கு மாலை ஆறு மணிக்கு மேல் இரண்டு தெரிந்தது. காலையில் ஒழுங்காக இருந்த எழுத்து, வேலை முடிந்து ஸ்டாப்புக்கு வரும்போது ஓரத்தில் பிசிறடித்து மெல்லப் பிரியும். கண்ணைச் சுருக்கி இழுத்துப் பிடித்தால் ஒன்று சேரும். விட்டால் மறுபடி இரண்டு. கூடவே புருவத்துக்கு மேல் ஒரு வலி, யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி.

கண்ணாடி வாங்கி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. வலக் கண்ணுக்கு மைனஸ் நாலரை, இடக் கண்ணுக்கு மைனஸ் நாலேகால். ஃபிரேம் 1,200 ரூபாய், லென்ஸ் 1,450 ரூபாய், ஆக மொத்தம் 2,650. மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவருக்கு மாதக் கடைசியில் அது சின்னத் தொகை இல்லை. பிடிக்கவில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குகிற பேச்சுக்கே இடமில்லை.

கடைக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்த பையன் கண்ணாடியைக் கையில்கூட வாங்கவில்லை.

“புதுசுல்ல சார், அப்படித்தான் இருக்கும். ரெண்டு வாரம் விடாம போடுங்க, பழகிரும்.”

இந்தப் பதிலில் பாதி உண்மை. பவர் கூடினாலோ, ஒரு திசைக்கு மட்டும் போடுகிற பவரான சிலிண்டர் புதிதாகச் சேர்ந்தாலோ தரை சாய்வது போலவும் படி மேலே எழும்புவது போலவும் சில நாள் இருக்கும், பிறகு மூளை சமாளித்துக்கொள்ளும். ஆனால் பழகுகிற தொந்தரவு என்றால் நாளுக்கு நாள் குறைய வேண்டும். இவருக்குப் பதினைந்தாம் நாளும் போர்டு இரண்டாகத்தான் வந்தது. பழைய கண்ணாடியிலும் இதே பவர்தான். லென்ஸில் கீறல் விழுந்ததால்தான் மாற்றினார். அப்படியானால் பழகுவதற்கு என்ன இருக்கிறது என்று முதல் நாளே கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வி வீடு வந்து சேர்ந்த பிறகுதான் தோன்றியது.

காசு செலவில்லாமல் செய்ய முடிந்த முதல் சோதனை, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தூரத்துக் கடைப் போர்டைப் படிப்பது. பிறகு மற்றக் கண். ஏதாவது ஒரு கண்ணில் மட்டும் கலங்கலாகத் தெரிந்தால் அந்தப் பக்கத்து பவரையோ சிலிண்டரின் திசையைக் குறிக்கும் ஆக்சிஸையோ சந்தேகப்படலாம். ஆக்சிஸ் பத்து டிகிரி தவறினாலே சிலிண்டர் போட்ட பலனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். முப்பது டிகிரி தவறினால் போட்டும் போடாத கதைதான். தனித்தனியே இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்து, சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் இழுத்தால் லென்ஸைப் பொருத்திய இடத்தில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். இவருக்கு இரண்டாவது வகை.

அடுத்து, வாங்காத வேறொரு கடை. அங்கே ஒரு பெரியவர் கண்ணாடியை லென்சோமீட்டரில் வைத்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு சக்கரத்தைத் திருகினார். “பவர் கரெக்டா இருக்கே தம்பி” என்றார். பிறகு ஒரு விசையை அழுத்த, லென்ஸின் மேல் வரிசையாக மூன்று மைப்புள்ளிகள் விழுந்தன. அதில் நடுப்புள்ளிதான் லென்ஸின் மையம். மற்ற லென்ஸிலும் அப்படியே. இரண்டு நடுப்புள்ளிகளுக்கும் இடையில் ஸ்கேலை வைத்தார்: 68 மில்லிமீட்டர். இவர் பையிலிருந்த பழைய கண்ணாடியிலும் புள்ளி வைக்கச் சொன்னார். 62.

பெரியவர் காசு வாங்கவில்லை. பில்லை மட்டும் கேட்டு வாங்கிப் பார்த்தார். பில்லோடு பின் அடித்திருந்த, கம்ப்யூட்டர் டெஸ்ட் எடுத்த துண்டுச் சீட்டின் அடியில் பிடி 62 என்று அச்சாகியிருந்தது. பிடி என்பது இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம். பிழை பார்ப்பதே பிழைப்பாக உள்ளவர் பதினைந்து நாள் அந்தச் சீட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்.

ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். லென்ஸின் மையத்தை விட்டு விலகிப் பார்த்தால் அது பட்டகம் போல ஒளியை வளைக்கும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு எளிது: விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்து பவரால் பெருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 0.3 செ.மீ. விலகல், நாலரைக்கும் நாலேகாலுக்கும் சேர்த்து 2.6 பட்டக அளவு. பத்து மீட்டர் தள்ளி நிற்கிற பஸ்ஸில் அது 26 செ.மீ. விலகல். மைனஸ் லென்ஸின் மையம் வெளிப்பக்கம் தள்ளிப் போனால், கண்கள் இரண்டும் வெளிப்பக்கமாக விரிந்து அதை ஈடுகட்ட வேண்டும். மூக்கை நோக்கித் திரும்புவது கண்ணுக்குக் கைவந்த கலை, வெளியே விரிவது அப்படி இல்லை. காலை முழுக்கச் சமாளித்து, மாலையில் கைவிட்டுவிடுகிறது. இதே ஆறு மில்லிமீட்டர், பவர் முக்கால் உள்ள ஒருவருக்கு நடந்திருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது.

தப்பு எப்படி நடந்தது என்பது கண்ணாடிக் காலின் உட்புறத்தில் எழுதியிருந்தது. 54, ஒரு சின்னச் சதுரம், 18. லென்ஸின் அகலம் 54, மூக்குப் பாலம் 18, கூட்டினால் 72. பிடி 62 உள்ள முகத்துக்கு இது பத்து மில்லிமீட்டர் அகலம் கூட. அப்படிப்பட்ட ஃபிரேமில் ஒவ்வொரு லென்ஸையும் ஐந்து மில்லிமீட்டர் மூக்குப் பக்கம் தள்ளி வெட்ட வேண்டும். வெட்டியவர் இரண்டுதான் தள்ளியிருந்தார். பெரிய ஃபிரேம் இப்போது ஃபேஷன் என்று கடையில் சொன்னதைக் கேட்டுக் கண்ணாடி முன் நின்று தலையை ஆட்டியது இவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை பிடிக்கு எவ்வளவு கிட்டே வருகிறதோ அவ்வளவு நல்லது. மைனஸ் பவருக்கு ஓரத் தடிமனும் குறையும்.

மறுபடி கடைக்குப் போனபோது “சரியில்லை” என்ற சொல்லை அவர் பயன்படுத்தவே இல்லை. “சீட்டுல பிடி 62 இருக்கு தம்பி, லென்ஸ்ல 68 இருக்கு, அளந்து பாருங்க” என்றார். மைப்புள்ளிகள் அழியாமல் அப்படியே இருந்தன. பையன் முதலாளியைக் கூப்பிட்டான். புது லென்ஸுக்குப் பாதிப் பணம் கொடுங்கள் என்று பேச்சு ஆரம்பித்தது. அப்போதுதான் இவருக்கு ஒன்று தோன்றியது. பழைய ஃபிரேம் 48, 16. கூட்டினால் 64. பெரிய லென்ஸைச் சின்னதாக வெட்ட முடியும். சின்னதைத்தான் பெரிதாக்க முடியாது. அதே லென்ஸை மையம் பார்த்துக் குறைத்து, பழைய ஃபிரேமில் மாட்டினால் என்ன?

முதலாளி பழைய ஃபிரேமை லென்ஸின் மேல் வைத்து அங்கும் இங்கும் நகர்த்திப் பார்த்தார். மூக்குப் பக்கம் இரண்டு மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. “உடைஞ்சா நான் பொறுப்பில்ல சார்” என்றார். “மொதல்ல தப்பா வெட்டினது நீங்கதானே” என்று இவர் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே நின்றார். காசு வாங்காமல் வெட்டிக் கொடுத்தார்கள். அன்று மாலை பஸ் ஒரே போர்டோடு வந்தது.

எல்லாக் கேஸும் லென்ஸை வெட்டுகிற அளவுக்குப் போவதில்லை. அச்சகத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா ப்ரோக்ரஸிவ் போட்டுவிட்டு, கீழே குனிந்தால் எழுத்து தெரியவில்லை என்று ஒரு வாரம் புலம்பினார். பிரான்சில் 1959-இல் சந்தைக்கு வந்த நாள் முதல் அந்த லென்ஸின் சூட்சுமம் ஒன்றுதான்: மேலிருந்து கீழே ஒரு குறுகிய பாதையில் பவர் மாறிக்கொண்டே போகும், பக்கவாட்டில் உருவம் நெளியும். ஃபிரேம் மூக்கில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வழுக்கினாலே படிக்கிற இடம் எட்டாது. நோஸ் பேடை நெருக்கி, காதுக்குப் பின்னால் காலைச் சற்று வளைத்துக் கொடுத்தார்கள். ஐந்து நிமிட வேலை, காசும் கேட்கவில்லை. அவர் வேறு லென்ஸுக்கு விலை விசாரித்து முடித்திருந்தார்.

வீட்டில் நடந்தது வேறு விதம். மாமியாருக்குக் கண்ணாடி போட்ட ஒரே மாதத்தில் மங்கல். கடையைத் திட்டிப் பயனில்லை. கண் பரிசோதனை நடந்த வாரத்தில் அவருக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. சர்க்கரை ஏறினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் பவரே மாறும், மாத்திரையில் இறங்கும்போது மறுபடி மாறும். சில வாரம் சர்க்கரை நிலையாக நின்ற பிறகு அளந்தால்தான் கண்ணாடி நிலைக்கும். இதைக் கடையில் யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. அந்தப் பணம் போனது போனதுதான்.

கடை அளந்த பவரே தப்போ என்று சந்தேகம் வந்தால் இன்னொரு கடைக்குப் போவதைவிடக் கண் மருத்துவமனைக்குப் போவது நல்லது. மதுரையில் 1976-இல் பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்துக்கு இன்று சிற்றூர்களிலும் பார்வை மையங்கள் இருக்கின்றன. அங்கே எழுதும் பவரைச் சோதனை ஃபிரேமில் மாட்டிக்கொண்டு, வாசல் வரை ஒரு நடை போய் வருகிறேன் என்று கேட்கலாம். நாற்காலியில் உட்கார்ந்தபடி தெரியாத சாய்வு நடக்கும்போது தெரிந்துவிடும்.

கடை கையை விரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணமே கிடையாது. ஆனால் பில் வேண்டும். கம்ப்யூட்டர் டெஸ்ட் சீட்டு பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள். மேசை டிராயரில் கிடந்தாலே சில மாதத்தில் வெளுத்துவிடும். வாங்கிய கையோடு மொபைலில் படம் எடுத்துவிட்டால் போதும்.

அந்த 1,200 ரூபாய் ஃபிரேமைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கல்லூரிக்குப் போகும் மகள் அதை எடுத்து மாட்டிக்கொண்டு, “எனக்கு நல்லா இருக்குப்பா” என்றாள். லென்ஸே இல்லாமல் அதை அணிந்து அவள் எடுத்த ஃபோட்டோவை இவர் பழைய ஃபிரேமுக்குள் இருக்கும் புது லென்ஸ் வழியாகத்தான் பார்த்தார்.